ஒன்பது படைப்புகள் போதும்: பெர்ன் பால் க்ளே மையத்துக்கு ஒரு திறந்த மடல்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உள்ள பால் க்ளே மையத்தின் இயக்குநருக்கும், காப்பாளர்களுக்கும், எந்தப் படத்தை எந்த ஊருக்கு இரவல் கொடுப்பது என்று முடிவு செய்கிற எல்லாருக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஓவியர் பால் க்ளேயின் படைப்புகளில் ஒன்பதைச் சென்னைக்கு அனுப்புங்கள். பெரிய கண்காட்சி வேண்டாம், விமானம் நிறையப் பெட்டிகளும் வேண்டாம். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒன்பதே ஒன்பது.

அது ஏன் ஒன்பது என்று கேட்பீர்கள். 1922 டிசம்பரில் கல்கத்தாவில், இந்தியக் கீழைக் கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில், க்ளேயின் ஒன்பது நீர்வண்ண ஓவியங்கள் சுவரில் தொங்கின. வியன்னாவில் கலை வரலாறு படித்துவிட்டு, தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதனுக்கு வந்து கற்பித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா கிராம்ரிஷ், ஜெர்மனியின் வைமாரில் பௌஹவுஸ் என்கிற கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த யோஹன்னஸ் இட்டனோடு கடிதம் எழுதிப் பேசி, அந்தப் படங்களை வரவழைத்தார். ஓவியர்கள் காண்டின்ஸ்கியும் ஃபைனிங்கரும் கூட அந்தக் கப்பலில் வந்தார்கள், அதாவது அவர்களுடைய தாள்கள். அதே கண்காட்சியில் ககனேந்திரநாத் தாகூரின் படங்களும் சுனயனி தேவியின் படங்களும் இருந்தன. ஈரப்பதத்தைக் கணக்கிடும் கருவியோ, குளிரூட்டிய பெட்டியோ இல்லாத காலம். பாரிஸிலும் நியூயார்க்கிலும் க்ளேயை அவ்வளவாக யாருக்கும் தெரியாத நேரத்தில் கல்கத்தாக்காரர்கள் அவரைப் பார்த்துவிட்டார்கள். நூறு வருஷம் கழித்துச் சென்னைக்காரர்கள் அதே அளவு கேட்பது பேராசை ஆகாது என்று நினைக்கிறேன்.

நான் நீர்வண்ணம் கற்றுக்கொடுக்கிறவன். சனி, ஞாயிறுகளில் ஒரு மொட்டைமாடிக் கூரைக்குக் கீழே வகுப்பு. வங்கியில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்று கலந்து வருவார்கள். க்ளேயின் பெயரை எடுக்காமல் அந்த வகுப்பை நடத்த எனக்குத் தெரியாது. ஆனால் நான் காட்டுவதெல்லாம் புத்தகப் படம், இல்லாவிட்டால் செல்பேசித் திரை. அதுதான் இந்த மடலுக்குக் காரணம்.

க்ளே 1940இல் இறந்தவர். காப்புரிமைக் காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே அவருடைய மீனையும் பூனையையும் பலூனையும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அச்சடிக்கவும் செய்கிறார்கள். குஷன் உறையில் பார்த்திருக்கிறேன். ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறையில் அவருடைய படமொன்றை ஆறடி உயரத்துக்கு இழுத்து, பளபளக்கும் வினைலில் ஒட்டி வைத்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் க்ளே அந்த அளவுக்கு வரையவில்லை. அவருடைய நீர்வண்ணங்களில் பெரும்பாலானவை மடியில் வைத்துக்கொள்ளலாம். ஏ4 தாளைவிடச் சின்னதும் உண்டு. ஓர் ஆள், ஒரு தாள், இடையில் ஒரு முழ தூரம் என்றுதான் அந்தப் படங்களைப் பார்க்கவேண்டும். ஆறடிக்கு இழுத்தால் கோட்டின் நடுக்கம் அலங்கார வளைவாகிவிடுகிறது. குறும்பு போய்விடுகிறது.

குறும்பு எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கிற தமிழ் வாசகர்களுக்காக.

1919 வாக்கில் க்ளே தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார், எண்ணெய்ப் பிரதி முறை என்பார்கள். மெல்லிய தாள் ஒன்றின் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு எண்ணெய் வண்ணத்தைப் பூசுவார். ஏறத்தாழக் காயும்வரை விட்டுவிடுவார். நம்முடைய பில் புத்தகக் கார்பன் தாள் மாதிரி அதை நல்ல தாளின்மேல் கவிழ்த்து, அதற்கும் மேலே தான் ஏற்கெனவே பேனாவில் போட்டு வைத்திருந்த படத்தை வைத்து, கோடுகளின்மேல் ஊசியால் இழுப்பார். அடியிலுள்ள தாளில் கோடு விழும். அந்தக் கோடு பேனாக் கோடு போலக் கூர்மையாக இராது, மயிர் முளைத்தாற்போல லேசாகப் பிசிறடித்திருக்கும். இழுக்கும்போது உள்ளங்கை அழுந்திய இடத்திலெல்லாம் கறுப்பு அப்பிக்கொள்ளும். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கறையைக் கண்டு தாளைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். இவர் அதைத்தான் விரும்பினார். அதன்மேல் நீர்வண்ணத்தைக் கரைத்து ஓட விடுவார். எண்ணெய்க் கோடு தண்ணீரைத் தள்ளும், கோடு அப்படியே நிற்கும், வண்ணம் அதைச் சுற்றிப் பரவும்.

இதை வகுப்பில் செய்து பார்த்தோம். அச்சகத்து மையை டிரேசிங் தாளில் தேய்த்து, தைக்கிற ஊசியைப் பென்சில் முனையில் கட்டிக்கொண்டு. மை ஈரமாக இருந்தால் தாள் முழுக்கக் கரி. நன்றாகக் காய்ந்துவிட்டால் கோடே விழாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது, சர்க்கரைப்பாகில் கம்பிப் பதம் பார்ப்பதுபோல அதை விரலில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையின் ஐப்பசி மழையில் அந்தப் பதம் வரவே வராது என்பது என் அனுபவம். வெறும் கிறுக்கல் என்று நினைத்த மாணவர்கள் ஒரு கோட்டைக் கறையோடு சேர்த்து ஒழுங்காக விழ வைப்பதற்குள் வாயடைத்துப் போனார்கள். வங்கிக்காரர் ஒருவர், “சார், இது விளையாட்டுத்தனமாக இருப்பதற்கு இவ்வளவு வேலையா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் ஊசியைக் கீழே வைக்கவும் இல்லை.

‘கீச்சிடும் இயந்திரம்’ (1922) இந்த முறையில் பிறந்ததுதான். ஒரு கம்பி, அதில் நான்கு பறவைகள், கம்பியின் ஓரத்தில் ஒரு கைப்பிடி. யாராவது கைப்பிடியைச் சுற்றினால் நான்கும் கத்தும்போல இருக்கிறது. ஒவ்வொரு அலகிலிருந்தும் வேறு வேறு வடிவத்தில் ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது, நாக்கா, குரலா, தூண்டில் முள்ளா என்று சொல்ல முடியாது. பின்னால் நீலமும் லேசான ரோஜா நிறமும் மூட்டமாகக் கரைந்து நிற்கின்றன. சிரிப்பு வரும், ஒரு கணம் கழித்து அந்தப் பறவைகளின் கால்கள் கம்பியோடு பிணைந்திருப்பது கண்ணில் படும். பெர்லின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்த படம் அது. நாஜிகள் பறிமுதல் செய்து விற்றார்கள், 1939இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கியது. உங்களிடம் இல்லை, ஆகவே கேட்கவில்லை.

சர்ரியலிசம், அதாவது கனவையும் ஆழ்மனதையும் கலையாக்குகிற இயக்கம், அந்தச் சொல்லைச் சொல்லாமல் க்ளேயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1924இல் ஆந்திரே பிரெத்தோன் எழுதிய சர்ரியலிச அறிக்கையின் ஓர் அடிக்குறிப்பில் க்ளேயின் பெயர் வருகிறது. அடுத்த ஆண்டு நவம்பரில் பாரிஸில் பியேர் கலைக்கூடத்தில் நடந்த முதல் சர்ரியலிச ஓவியக் கண்காட்சியில் எர்ன்ஸ்ட், மிரோ, பிக்காசோ ஆகியோருடன் க்ளேயின் படங்களும் இருந்தன. ஆனால் அந்தக் கூட்டத்தில் அவர் சேரவே இல்லை. அவர் பாட்டுக்கு வைமாரிலும் டெஸ்ஸாவிலும் பௌஹவுஸ் ஆசிரியராகக் கரும்பலகை முன் நின்றுகொண்டிருந்தார். கோடு தானாக எங்கேயோ புறப்படும், போகிற போக்கில் அது ஒரு மூக்கையோ ஏணியையோ மீனையோ ஞாபகப்படுத்தும், அப்போது அவர் அதற்கு இடம் கொடுப்பார், கடைசியில் தலைப்பு வைப்பார். இதுவரை பாரிஸ்காரர்களின் வழியும் இவருடைய வழியும் ஒன்றுபோலத்தான் தெரியும். அப்புறம் செய்கிற காரியம்தான் வேறு. படத்தை அட்டையில் ஒட்டி, அடியில் ஒரு கோடு இழுத்து, ஆண்டையும் எண்ணையும் தலைப்பையும் தன் கையால் எழுதி, வீட்டுக் கணக்கு நோட்டு எழுதுகிற சிரத்தையோடு ஒரு பதிவேட்டில் ஏற்றிவிடுவார். 1911இல் தொடங்கிய பழக்கம். சிறுவயதில் வரைந்த படங்கள் சிலவற்றையும் பின்னோக்கிப் போய் அதில் சேர்த்துக்கொண்டார். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் அந்தப் பதிவேட்டு ஒழுங்கில் நிற்கின்றன. விற்க மனமில்லாதவற்றுக்குத் ‘தனி வகுப்பு’ என்று ஒரு குறியும் போட்டு வைத்தார். கனவு காண்கிற ஆள் என்று பெயரெடுத்தவருக்கு இப்படி ஒரு குமாஸ்தா மூளை. எனக்கு அவரைப் பிடித்துப் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெர்னுக்கு அருகே மூன்ஷன்புக்ஸேயில் 1879 டிசம்பர் 18இல் பிறந்தார். அப்பா ஜெர்மானியர், இசை ஆசிரியர். அம்மா சுவிஸ்காரர், பாடத் தெரிந்தவர். பையன் வயலினில் தேர்ந்து, பதினோரு வயதிலேயே பெர்ன் இசைச் சங்கத்தாரோடு வாசிக்க அழைக்கப்பட்டான். மியூனிக்கில் ஓவியம் படித்தார். 1906இல் பியானோ கலைஞர் லில்லி ஸ்டும்ஃபைத் திருமணம் செய்துகொண்டார். மறு ஆண்டு மகன் ஃபெலிக்ஸ் பிறந்தான். லில்லி பியானோ வகுப்பு எடுத்துச் சம்பாதித்தார், க்ளே சமைத்தார், பிள்ளையைக் குளிப்பாட்டினார், பிள்ளையின் எடையையும் காய்ச்சலையும் மழலைச் சொற்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தார். ஷ்வாபிங் பகுதியிலிருந்த அந்த வீட்டில் சமையலறைதான் ஓவிய அறை. 1907இல் ஓர் ஆண் இப்படி இருந்ததற்கு அக்கம்பக்கத்தில் என்ன பேசினார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் இன்றைக்கும் பேசுவார்கள். படங்கள் சின்னதாக இருந்ததற்கு அந்தச் சமையலறை மேசையும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். வகுப்பில் இடமில்லை என்று புலம்புகிறவர்களிடம் அதைச் சொல்லி வாயை அடைப்பேன்.

1914 ஏப்ரலில் துனிசியாவுக்குப் போனார். கூடவே ஓவிய நண்பர்கள் ஆகஸ்ட் மாக்கேயும் லூயி மொவாலியேயும். கையில் காசில்லை. பெர்னில் ஒரு மருந்துக்கடைக்காரர், பின்னால் படம் தருவதாகப் பேசிக்கொண்டு, செலவுக்குக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கும் குறைவான பயணம். கைருவானில் ஒரு நாள் நாட்குறிப்பில் எழுதினார்: “நிறமும் நானும் ஒன்று. நான் ஓவியன்.” வயது 34. அந்த நாட்குறிப்பை அவர் பின்னால் திருத்திப் படியெடுத்தார் என்பதால், சம்பவம் அவ்வளவு நாடகமாக நடந்திருக்காது என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். துனிசியத் தாள்களைப் பார்த்தால் அந்த வாக்கியம் பொய் என்று தோன்றவில்லை. அவற்றில் சிலவற்றின் ஓரத்தில் வண்ணம் படாத வெள்ளைப் பட்டை ஒன்று மேலிருந்து கீழாக ஓடும். தாள் காற்றில் பறக்காமல் இருக்க அட்டையோடு ரப்பர் பட்டை மாட்டி வரைந்திருக்கிறார், பட்டை இருந்த இடம் வெள்ளையாக நின்றுவிட்டது. புத்தகம் போடுகிறவர்கள் படத்தை அழகாக வெட்டும்போது முதலில் வெட்டுவது அந்த ஓரத்தைத்தான். எனக்கோ முதலில் பார்க்க ஆசை அந்த ஓரத்தை.

பிறகு போர் வந்தது. மாக்கே அதே செப்டம்பரில் செத்துப்போனார். நெருங்கிய நண்பர் ஃபிரான்ஸ் மார்க் 1916 மார்ச்சில். அதே மாதம் க்ளேக்கு ராணுவ அழைப்பு. அவரைப் போர்முனைக்கு அனுப்பவில்லை. ஷ்லைஸ்ஹைமில் விமானங்களுக்கு வண்ணம் பூச வைத்தார்கள், பிறகு கெர்ஸ்ட்ஹோஃபன் விமானப் பள்ளியில் கணக்கெழுத உட்கார வைத்தார்கள். மேசை டிராயருக்குள் தாளை வைத்துப் படம் போட்டார். விழுந்து நொறுங்கிய விமானங்களின் இறக்கைத் துணியைக் கத்தரித்து எடுத்து அதன்மேலும் வரைந்தார். சுற்றிலும் பயிற்சிப் பையன்கள் விமானத்தோடு விழுந்து சாக, இவர் நட்சத்திரமும் தோட்டமும் வரைந்தார் என்று சிலர் குறை சொல்வதுண்டு. அதற்கு நான் வழக்காட வரவில்லை. படங்கள் இருக்கின்றன, அவரவர் பார்த்து முடிவுசெய்யட்டும்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு வேண்டுகோள், கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கலாம். க்ளே கண்காட்சி என்றாலே கடைசி ஏழு வருஷத்தைப் பெரிதாகக் காட்டுகிற வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. 1933இல் ட்யூசல்டார்ஃப் கலைக்கழக வேலை பறிபோனது. வீட்டில் சோதனை நடந்தது, குடும்பம் பெர்னுக்குத் திரும்பியது. 1937இல் ‘சீர்கெட்ட கலை’ என்று மியூனிக்கில் நடத்திய கண்காட்சியில் அவருடைய 17 படங்களைத் தொங்கவிட்டு ஏளனம் செய்தார்கள். ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து 102 படைப்புகளைப் பறித்தார்கள். தோல் இறுகிப்போகும் நோய் வந்தது, சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. 1936இல் வெறும் 25 படைப்புகள். 1939இல் 1,253. பிறந்த நாட்டிலேயே குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்து, அது கைக்கு வருமுன் 1940 ஜூன் 29இல் லொகார்னோ பக்கத்தில் முரால்ட்டோவில் இறந்தார். எல்லாம் உண்மை, எல்லாம் முக்கியம். 1,253 என்ற எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கதையை முன்னால் நிறுத்தினால், சுவரில் உள்ள ஒவ்வொரு பறவைக்கும் பின்னால் ஒரு சிறைக்கம்பியைத் தேடுவதுதான் பார்வையாளரின் வேலை ஆகிவிடுகிறது. 1920 வாக்கில் அவர் ஜாலியாகப் போட்ட மீன்பிடிப் படத்தைக்கூட யாரோ ஒருவர் வரப்போகிற சர்வாதிகாரத்தின் குறியீடு என்று எனக்கு விளக்கினார். விட்டுவிடுங்கள் என்று கெஞ்சத் தோன்றியது. சென்னைக்கு அனுப்பும்போது தயவுசெய்து நடுப்பகுதியை அனுப்புங்கள், விளையாடிக்கொண்டிருந்த க்ளேயை.

ஒன்பதில் எவை என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கவேண்டும், தாளின் உடல்நிலை உங்களுக்குத்தான் தெரியும். இருந்தாலும் என் ஆசையைச் சொல்லிவைக்கிறேன்.

1914இன் ‘கைருவான் வாயில்களுக்கு முன்னே’ கட்டாயம். நீர்வண்ணம் என்றால் என்ன என்று கேட்கிறவனுக்கு அந்தத் தாளைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். அடுத்து 1918இல் செய்தது, ‘முன்னொரு நாள் இரவின் சாம்பல் நிறத்திலிருந்து எழுந்து’ என்று தொடங்கும் கவிதை. ஒரு பாடப்புத்தகப் பக்கத்தைவிடச் சின்னது. கவிதையின் எழுத்துகளைக் கட்டம் கட்டி வரிசையாக நிறுத்தி, எழுத்தின் உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வண்ணம் கொடுத்திருக்கிறார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, நடுவில் வெட்டி, இடையில் வெள்ளித்தாள் பட்டை ஒன்றை வைத்துவிட்டார். முடிந்த படத்தை வெட்டுவதற்கு அவர் தயங்கியதே இல்லை. ஒன்றை இரண்டாக்குவார், தலைகீழாகத் திருப்புவார், மறுபடி ஒட்டுவார். சென்னையில் இந்தப் படத்துக்குத் தனியாக ஒரு கூட்டம் காத்திருக்கிறது. சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். வாசிக்க முடியாத எழுத்து எப்படி ஓவியமாகிறது என்பது எங்களுக்குப் பழகிய கேள்வி. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் இன்றைக்கும் அதைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

மூன்றாவது, 1921இன் ‘குடியிருப்பவர்களோடு அறையின் பெர்ஸ்பெக்டிவ்’. பள்ளியில் கற்றுக்கொடுக்கிற மாதிரி எல்லாக் கோடுகளும் ஒரு புள்ளியை நோக்கி ஓடுகின்றன, தரைப்பலகை, சுவர், மேசை. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வீட்டில் இருக்கிற ஆட்களும் அந்தக் கோடுகளிலேயே தரையோடு தரையாக, சுவரோடு சுவராகப் படிந்து கிடக்கிறார்கள். வீடு அவர்களை விழுங்கிவிட்டதா, அவர்கள்தான் வீடாகிவிட்டார்களா தெரியவில்லை. வாடகை வீட்டில் இருபது வருஷம் இருந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. எண்ணெய்ப் பிரதிக் கோடும் நீர்வண்ணமும் சேர்ந்த படம் என்பதால் என் மாணவர்கள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். காவலர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கைப்பாவைகள் இரண்டு வேண்டும். 1916இல் ஃபெலிக்ஸின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு க்ளே பாவைகள் செய்து கொடுத்தார். தொடர்ந்து 1925 வரை சுமார் ஐம்பது. போருக்கும் வறுமைக்கும் நடுவில் கையில் கிடைத்ததெல்லாம் பாவையானது. ஜிப்ஸம், மாட்டெலும்பு, கிழிந்த துணி, தீப்பெட்டி, மின்சாரப் பிளக் சாக்கெட். இரண்டாம் உலகப் போரில் வூர்ட்ஸ்பர்க்மீது குண்டு விழுந்தபோது சில அழிந்தன, மிஞ்சிய முப்பது உங்களிடம் இருக்கின்றன. அதில் ‘தீப்பெட்டி ஆவி’யும், ‘மின்சாரப் பேய்’ என்கிற அந்த சாக்கெட் முகக்காரனும் வந்தால் போதும். ஃபெலிக்ஸ் பௌஹவுஸில் இவற்றை வைத்துக்கொண்டு அங்கிருந்த ஆசிரியர்களையெல்லாம் கிண்டல் பண்ணி நாடகம் போடுவானாம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொம்மலாட்டக்காரர்களை ஒருநாள் அழைத்து அந்தப் பாவைகளைக் காட்டவேண்டும் என்று ஆசை. என்ன சொல்வார்கள் என்று கேட்கவேண்டும். கழுத்து சரியில்லை என்பார்கள் என்று நினைக்கிறேன்.

பௌஹவுஸ் பாடக் குறிப்புகளிலிருந்து ஒரு பக்கம். ஏறத்தாழ 3,900 பக்கங்கள் உங்கள் பெட்டகத்தில் உறங்குவதாகப் படித்தேன். கோடு காலார நடந்து போவதைப் பற்றிய அவருடைய விளக்கம் உலகப் பிரசித்தம், எல்லா ஓவிய ஆசிரியரும் சொல்லி அலுத்துவிட்டது. அதைத் தவிர வேறு ஏதாவது ஒரு பக்கத்தைக் கொடுங்கள், அம்புக்குறியைப் பற்றியோ செடியின் வளர்ச்சியைப் பற்றியோ. க்ளேயின் கோட்டையும் நம் வாசல் கோலத்தையும் முடிச்சுப் போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. க்ளேக்குக் கோலத்தைப் பற்றித் தெரிந்திருந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. ஆகையால் கண்காட்சிக் குறிப்பில் அந்த ஒப்பீடு வேண்டாம் என்று நானே கேட்டுக்கொள்கிறேன்.

கையெழுத்துப் பதிவேட்டில் ஒரு நோட்டு, அது ஏழாவது. எட்டாவதாக 1939இன் ‘மறதிக்காரத் தேவதூதன்’. நடுப்பகுதி மட்டும் போதும் என்று மேலே சொன்னேன், தெரியும். இந்த ஒன்றுக்கு விலக்கு. நீர்வண்ணமும் இல்லை, வெறும் பென்சில். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதையோ மறந்துவிட்டு வெட்கப்பட்டு நிற்கிற ஒரு சிறகுக்காரன். ஆண்டுக்கு 1,253 போட்ட மனிதரின் கையில் குறும்பு கடைசி வரைக்கும் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒன்பதாவது உங்கள் விருப்பம். ஆச்சரியப்படுத்துங்கள்.

உங்கள் கவலைகள் எனக்குப் புரிகின்றன. தாளில் வரைந்த நீர்வண்ணம் வெளிச்சத்தைத் தாங்காது. உங்களிடம் இருக்கிற 4,000 படைப்புகளை நீங்களே ஒரே நேரத்தில் காட்டுவதில்லை, முறை வைத்துத்தான் வெளியே எடுக்கிறீர்கள். வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது, ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி ஆடாமல் நிற்கவேண்டும். சென்னை கடற்கரை ஊர். வடகிழக்குப் பருவமழையில் எங்கள் பீரோவுக்குள் இருக்கிற தாளே ஊறிப்போகும். அதனால் தை, மாசியில் வையுங்கள் என்கிறேன். அந்த இரண்டு மாதம் ஊர் கொஞ்சம் கருணை காட்டும். அப்போதுகூட மூடிய அறை, இரவும் பகலும் நிற்காத குளிரூட்டி, மின்சாரம் போனால் உடனே எழுந்திருக்கிற ஜெனரேட்டர் எல்லாம் தேவை. ஒன்பது சின்னப் பொருள்களுக்கு ஒரே ஒரு அறையைத்தான் அப்படிப் பராமரிக்கவேண்டும், அதற்காகவும்தான் ஒன்பது என்றேன். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தாரும் தமிழ்நாட்டுக் கலை பண்பாட்டுத் துறையினரும் இந்த மடலைப் படித்தால் அவர்களுக்கும் இதே கோரிக்கை: அந்த ஒரு அறைக்கு யார் பொறுப்பு என்று முதலில் பேசி முடிவெடுங்கள். அதைச் செய்யாமல் பெர்ன்காரர்களைக் கேட்பதில் அர்த்தமில்லை.

தூரத்தைக் காரணமாகச் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன். 2019இல் பிரேசிலுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட க்ளேக்களை அனுப்பினீர்கள், சாவோ பாலோவில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் போயின. அங்கேயும் வெயில், அங்கேயும் கடல்.

யார் வருவார்கள் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. முதல் வாரம் ஓவியர்கள், ஓவியக் கல்லூரி மாணவர்கள், பத்திரிகைக்காரர்கள். அது எந்தக் கண்காட்சிக்கும் வருகிற கூட்டம். எனக்கு ஆசை அடுத்த வாரங்களின் கூட்டத்தின்மேல். உங்கள் கட்டடத்துக்குள்ளேயே ‘கிரேயாவிவா’ என்று பிள்ளைகளுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளை வேடிக்கை பார்க்க மட்டும் விடாமல் கையால் செய்யவும் வைக்கிறார்கள். அங்கிருந்து ஒருவரோ இருவரோ கூட வந்தால், எண்ணெய்ப் பிரதி முறையைப் பக்கத்து அறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஊசியும் மையும் டிரேசிங் தாளும் இங்கே பாரிமுனையில் கிடைக்கும். மை காய்கிற பதத்தை எங்கள் மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அதில் அவர்களுக்கு இப்போது நல்ல தேர்ச்சி.

படத்துக்குப் பக்கத்தில் வைக்கிற குறிப்பு விஷயமாக ஒன்று. க்ளேக்குத் தலைப்பு என்பது படத்தின் பாதி. அதை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் மட்டும் போட்டு, தமிழை ஒரு மடிதாளுக்குள் ஒதுக்கிவிடவேண்டாம். தமிழ்த் தலைப்பை நல்ல கவிஞர் ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள், மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் கொடுக்காதீர்கள். குறிப்பு நான்கு வரிக்குள் இருக்கட்டும். நீளமான சுவர்க் கட்டுரை வைத்தால் ஜனங்கள் அதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல, உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள்.

இந்த மடலின் ஆங்கிலப் படியை உங்கள் அலுவலகத்துக்கு அஞ்சலில் அனுப்புகிறேன். இரவல் கேட்கிற நிறுவனம் முறைப்படி விண்ணப்பிக்கவேண்டும், தனி ஆளின் கடிதத்துக்கு இரவல் கிடையாது என்று நீங்கள் பதில் எழுதக்கூடும். அப்படி எழுதினாலும் பரவாயில்லை. விண்ணப்பப் படிவத்தையும், அறைக்கு நீங்கள் போடுகிற நிபந்தனைகளின் பட்டியலையும் அந்தப் பதிலோடு சேர்த்து அனுப்புங்கள். அதை எடுத்துக்கொண்டு எழும்பூருக்கு நான் போகிறேன்.

இப்படிக்கு,
சென்னையில் நீர்வண்ணம் கற்றுக்கொடுக்கிற ஒருவர்